ஹபிளின் கைப்பிடிகள்: பழைய விண்வெளித் தொலைநோக்கியைப் பழுதுபார்ப்பதா, புதிது செய்வதா?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை அருகிலிருந்து எடுத்த படம் ஏதாவது கிடைத்தால் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளியாக மின்னும் அந்த நீள உருளையின் மேல் அங்கங்கே மஞ்சள் நிறக் கைப்பிடிகள் தெரியும். பேருந்தில் நின்றபடி வருபவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பி மாதிரி. அந்த உருளைக்குள் யாரும் குடியிருக்கவில்லை. தரையிலிருந்து சுமார் ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவரும் கருவி அது. பிறகு கைப்பிடி யாருக்கு?

மெக்கானிக்குக்கு. ஹபிளை வடிவமைத்தவர்கள் அது பழுதாகும் என்று முதல் நாளிலிருந்தே எண்ணியிருந்தார்கள். மனிதர்கள் மேலே போய், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கதவைத் திறந்து, கெட்டுப்போன பெட்டியை உருவி, புதுப் பெட்டியைச் செருகிவிட்டு வர வேண்டும் என்பதே திட்டம். முதலில் அதைவிடப் பெரிய திட்டம்கூட இருந்தது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொலைநோக்கியையே பூமிக்கு இறக்கி, சுத்தம் செய்து, மறுபடி ஏற்றுவது. இறக்கி ஏற்றும் செலவும், கண்ணாடியில் தூசி படியும் பயமும் சேர்ந்து அந்த யோசனையைக் கைவிட வைத்தன.

ஹபிளுக்குப் பின்னால் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மனிதர் போய்ச் சேர முடியாத தொலைவில் இருக்கிறது. பழுதானால் ஆள் அனுப்பும் எண்ணமே அதன் திட்டத்தில் இல்லை. வயதான தொலைநோக்கியைச் சரிசெய்வதா, புதிதாக ஒன்றை அனுப்புவதா என்ற கேள்விக்கான இரண்டு பதில்கள் இவை. எது சரி என்பது பல ஆண்டுகளாக ஓயாத சண்டை. அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு தொலைநோக்கி எப்படி மூப்படைகிறது என்று பார்த்துவிடுவோம்.

எது கிழடாகிறது, எது ஆகாது

ஹபிளின் இதயம் 2.4 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடி. அது ஏறத்தாழ மூப்படைவதில்லை. 1990 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடம் அதை மேலே கொண்டுபோனபோது இருந்த அதே கண்ணாடிதான் இன்றும் ஒளியைச் சேகரிக்கிறது. உருளைச் சட்டமும் அப்படியே. கெட்டுப்போவதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் பொருள்கள்: மின்கலங்கள், சூரியத் தகடுகள், மின்சுற்றுகள், கேமராவின் உணரிகள். எல்லாவற்றையும்விட அடிக்கடி வம்பு செய்வது ஜைரோ.

ஜைரோ என்பது தொலைநோக்கி எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சொல்லும் கருவி. ஹபிளின் ஒவ்வொரு ஜைரோவுக்குள்ளும் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 முறை சுழல்கிறது. அந்தச் சக்கரம் ஒரு மூடிய உருளைக்குள் இருக்கிறது. உருளையோ கெட்டியான ஒரு திரவத்தில் மிதக்கிறது. சக்கரத்துக்கு மின்சாரம் போக வேண்டுமே? தலைமுடி அளவே தடிமனுள்ள கம்பிகள் அந்தத் திரவத்தின் வழியாகப் போகின்றன. ஆண்டுகள் போகப் போகத் திரவம் கம்பியை அரிக்கிறது. ஒருநாள் கம்பி அறுந்துவிடும். அவ்வளவுதான், ஜைரோ போயிற்று.

அரிப்பு ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பொறியாளர்கள் தேடிப் பார்த்தபோது ஒரு சின்னக் காரணம் கிடைத்தது. தொழிற்சாலையில் அந்தக் கெட்டித் திரவத்தை உள்ளே தள்ள அழுத்தமான காற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். காற்றில் ஆக்சிஜன் உண்டு. அது திரவத்தோடு சேர்ந்து கம்பியைத் தின்றது. அடுத்த தொகுதி ஜைரோக்களில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனைப் பயன்படுத்தினார்கள்.

ஹபிளில் மொத்தம் ஆறு ஜைரோக்கள். வழக்கமான வேலைக்கு மூன்று போதும், மற்ற மூன்று உபரி. குறி வைத்த இடத்தில் அசையாமல் நிற்க ஹபிளுக்கு இருக்கும் திறனை இப்படிச் சொல்லலாம்: சென்னையில் நின்றுகொண்டு, திருச்சியில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் லேசர் ஒளியை விழவைத்து, அது விலகாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 1999 நவம்பரில் நான்காவது ஜைரோவும் செத்தபோது மீதி இரண்டே. தொலைநோக்கி தானாகவே பாதுகாப்பு நிலைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டது. கண்ணாடி, கேமரா எல்லாம் நன்றாக இருந்தும் படம் இல்லை. அடுத்த மாதம் விண்வெளி வீரர்கள் போய் ஆறு ஜைரோக்களையும் மாற்றும்வரை அது வேலை செய்யவில்லை.

மூப்பில் இன்னொரு வகையும் உண்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் வருவது. ஹபிள் பறக்கும் உயரத்தில் காற்று மிக மெல்லியது. ஆனால் சுத்தமாக இல்லாமல் போய்விடவில்லை. அந்த மெல்லிய காற்றின் உராய்வில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் வளிமண்டலம் சூட்டில் உப்புவதால் இறக்கம் வேகமாகிறது. ஹபிளிடம் தன்னைத் தானே மேலே தள்ளிக்கொள்ள இயந்திரம் கிடையாது. விண்ணோடம் வந்தபோதெல்லாம் பழுதுபார்த்ததோடு சில முறை மேலே தூக்கியும் விட்டுவிட்டுப் போனது. 2009க்குப் பிறகு தூக்கிவிட ஆளில்லை.

குளியலறையில் கிடைத்த விடை

பழுதுபார்க்கும்படி செய்தது எவ்வளவு பெரிய காப்பீடு என்பது ஹபிள் மேலே போன இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது. படங்கள் மங்கலாக வந்தன. கண்ணாடியின் விளிம்பை வேண்டிய அளவைவிட ஏறக்குறைய 2 மைக்ரான் அதிகமாகத் தேய்த்திருந்தார்கள். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு! அளவுக்கருவி ஒன்றில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். அந்தத் தப்பான அளவுகோலை நம்பி, மிக மிக நேர்த்தியாக, தப்பான வடிவத்தில் கண்ணாடியைச் செய்து முடித்துவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், இன்னொரு நிறுவனம் செய்துவைத்த மாற்றுக் கண்ணாடி ஒன்று சரியான வடிவத்தில் பூமியிலேயே கிடந்தது. இன்று அது வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் சொத்து.

மாற்றுக் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பொருத்தலாமா? தொலைநோக்கியின் நடு எலும்பையே உருவி எடுப்பதற்குச் சமம் அது. மேலே செய்ய முடியாது. கீழே இறக்கினால் செலவும் காலமும் எங்கேயோ போய்விடும். கடைசியில், கண் சரியில்லாதவருக்கு மூக்குக்கண்ணாடி போடுவதுபோல, வரும் ஒளியைத் திருத்திவிடும் சின்னஞ்சிறு கண்ணாடிகளை உள்ளே நுழைப்பது என்று முடிவாயிற்று. அதை எப்படி நுழைப்பது? ஜேம்ஸ் கிராக்கர் என்ற பொறியாளர் ஜெர்மனியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். குளியலறையில் கம்பியில் ஏற்றி இறக்கி, மடக்கி நீட்டும் ஷவர் தலை. கண்ணாடிகளையும் அப்படி மடக்கி உள்ளே செருகி, பிறகு நீட்டிவிடலாமே என்று தோன்றியது. அப்படிப் பிறந்த காஸ்டார் என்ற கருவியை 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோட வீரர்கள் பொருத்தினார்கள். புதிய கேமராவும் அப்போதே போனது. அந்தக் கேமராவுக்குள்ளேயே திருத்தும் கண்ணாடி இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கம். நாம் பழுதுபார்த்தல் என்று சொல்கிறோமே, ஹபிள் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. 1993, 1997, 1999, 2002, 2009 என்று ஐந்து முறை ஆட்கள் போனார்கள். 1999 பயணம் ஜைரோ, கணினி என்று உடம்பைத் தேற்றும் வேலைக்காக. மற்ற நான்கிலும் புதுக் கருவிகள் போயின. பின்னால் வந்த கருவிகள் எல்லாம் திருத்தத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டதால், 2009இல் காஸ்டாரையே கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். 1990இல் போன அறிவியல் கருவிகளில் ஒன்றுகூட இன்று ஹபிளில் இல்லை. சுவர் அப்படியே நிற்க, கூரையை மாற்றி, வயரிங்கை மாற்றி, ஜன்னலை மாற்றிய பழைய வீடு மாதிரி. முன்பு பார்க்க முடியாததை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கத் தொடங்கியது. ஆகவே பழையதைச் சரிசெய்வதும் புதியதைச் செய்வதும் எதிரெதிர் முனைகள் என்று நினைத்துக்கொண்டால் ஹபிளின் கதை விளங்காது. பழைய கண்ணாடியின் பின்னால் புதிய கண்ணைப் பொருத்துவதுதான் அங்கே நடந்தது.

2004: ஒரு வெள்ளிக்கிழமை முடிவு

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று நாசாவின் தலைவர் ஷான் ஓகீஃப், கோடார்ட் விண்வெளி மையத்துக்குப் போய் அங்கிருந்த ஹபிள் குழுவிடம் சொன்னார்: திட்டமிட்டிருந்த கடைசிப் பழுதுபார்ப்புப் பயணம் இனி இல்லை. புதுக் கருவிகள் தயாராகிக்கொண்டிருந்தன. போக வண்டி இல்லை.

ஓகீஃப் சொன்ன காரணத்தைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போகும் விண்ணோடத்தில் ஓட்டை விழுந்தால், வீரர்கள் நிலையத்திலேயே தங்கி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஹபிளுக்குப் போனால் அது முடியாது. ஹபிளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது. நிலையத்தின் பாதை 51.6 பாகை. விண்வெளியில் உயரத்தை மாற்றுவதைவிடச் சாய்வை மாற்றுவது பலமடங்கு கடினம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ விண்ணோடத்தில் எரிபொருள் போதாது. ஒதுங்க இடமில்லாத பயணம்.

எதிர்ப்பு எழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். மேரிலாந்து செனட்டர் பார்பரா மிகல்ஸ்கி விடுவதாக இல்லை. கோடார்ட் அவருடைய மாநிலத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். நாசா நடுவழி ஒன்றைத் தேடியது: ஆள் வேண்டாம், இயந்திர மனிதனை அனுப்பிச் சரிசெய்யலாம். வேறு சில வானியலாளர்கள் இன்னொரு வழியைச் சொன்னார்கள். தயாராகிக்கொண்டிருக்கும் கருவிகளை எடுத்து, எடை குறைந்த புதிய 2.4 மீட்டர் கண்ணாடியின் பின்னால் பொருத்தி, சாதாரண ராக்கெட்டில் அனுப்பிவிடலாம். ஹபிள் ஆரிஜின்ஸ் புரோப் என்று அதற்குப் பெயர். செலவு நூறு கோடி டாலர் அளவில் வரும் என்றார்கள். இயந்திர மனிதனுக்கும் அதற்குக் குறையாது.

இப்படி நான்கு பாதைகள் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன: சாகவிடு, இயந்திரத்தை அனுப்பு, புதிதாகச் செய், ஆளை அனுப்பு. செலவு மூன்றில் ஏறக்குறைய ஒரே தரம் என்றால் எதை வைத்து முடிவு செய்வது?

அமெரிக்க அறிவியல் கழகங்களின் ஆராய்ச்சிக் குழு ஒன்று, லூயி லான்செராட்டி தலைமையில், இதை எடுத்துக்கொண்டது. அவர்கள் கேள்வியைக் காலண்டரின் மேல் வைத்தார்கள். ஜைரோக்கள் எப்போது ஒவ்வொன்றாகச் சாகும்? மின்கலங்கள் எதுவரை தாங்கும்? இதுவரை யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்ய இயந்திர மனிதனைத் தயாரிக்க எத்தனை ஆண்டு? இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், இயந்திரம் தயாராகிப் போகும்போது அங்கே சரிசெய்ய உயிருள்ள தொலைநோக்கி இல்லாமல் போகலாம். வைத்தியர் வருவதற்குள் நோயாளி போய்விடுவார். விண்ணோடம் ஏற்கெனவே நான்கு முறை இந்த வேலையைச் செய்திருக்கிறது. நிலையத்துக்குப் போகும் ஒரு பயணத்தையும் ஹபிளுக்குப் போகும் ஒரு பயணத்தையும் வைத்துப் பார்த்தால் ஆபத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். 2004 டிசம்பரில் வெளியான அந்த அறிக்கை ஆளை அனுப்பச் சொன்னது.

பழுதா, புதிதா என்று யார் கேட்டாலும் முதலில் பணக் கணக்கைத்தான் எடுக்கிறோம். இந்தக் குழு பணத்தை ஓரமாக வைத்துவிட்டு நாள் கணக்கை எடுத்தது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

ஓகீஃப் போய் மைக்கேல் கிரிஃபின் வந்தார். விண்ணோடங்கள் மறுபடி பறந்து, பாதுகாப்பு மாற்றங்கள் பலிக்கின்றன என்று தெரிந்த பிறகு, 2006 அக்டோபர் 31 அன்று அவர் அனுமதி கொடுத்தார். ஒதுங்க இடமில்லை என்ற சிக்கலுக்கும் ஒரு வழி கண்டார்கள். 2009 மே 11 அன்று அட்லாண்டிஸ் ஏழு பேரோடு கிளம்பியபோது, பக்கத்து ஏவுமேடையில் எண்டெவர் விண்ணோடம் தயாராக நின்றது. அங்கே ஏதாவது ஆனால் இது போய் ஏழு பேரையும் அள்ளிக்கொண்டு வரும். ஒரு தொலைநோக்கியைச் சரிசெய்ய இரண்டு விண்ணோடங்கள்! செலவுக் கணக்கில் இதையும் எழுத வேண்டும்.

ஐந்து விண்நடைகள். ஆறு ஜைரோ, ஆறு மின்கலம், புதிய கேமரா, புற ஊதாக் கதிர்களைப் பிரித்துப் பார்க்கும் புதிய கருவி, எல்லாம் மாற்றினார்கள். அதைவிடக் கடினமானது, மேலே பிரிக்கவே கூடாது என்று செய்த இரண்டு கருவிகளைப் பிரித்து உள்ளே பழுதுபார்த்தது. 2004இல் செத்துப்போன ஸ்டிஸ் என்ற நிறமாலைக் கருவியின் மூடியில் நூற்றுக்கும் மேல் சின்னத் திருகாணிகள். ஒன்று கைதவறி மிதந்து உள்ளே போனாலும் ஆபத்து. அதற்காகத் திருகாணிகளை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும் தனித் தகடு செய்திருந்தார்கள். விண்வெளி வீரர் மைக் மாசிமினோ அத்தனையையும் பயிற்சி செய்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் தகராறு செய்தது அந்தத் திருகாணிகள் இல்லை. மூடியின் குறுக்கே இருந்த கைப்பிடியைக் கழற்ற வேண்டும்; அதன் நான்கு ஆணிகளில் ஒன்றின் தலை தேய்ந்து, சுழலவே மாட்டேன் என்றது. பிடித்துக்கொள்ள வைத்த கைப்பிடி வழியை மறித்துக்கொண்டு நின்றது. கீழே கோடார்டில் பொறியாளர்கள் அதேபோன்ற ஒன்றை இழுத்து உடைத்துப் பார்த்துவிட்டு, 'கையாலேயே பிய்த்துவிடலாம்' என்று தகவல் அனுப்பினார்கள். மாசிமினோ பிய்த்தெடுத்தார். ஸ்டிஸ் பிழைத்தது.

மறுபக்கத்தின் வாதம்

இவ்வளவும் படித்தால் பழுதுபார்ப்பதுதான் உயர்வு என்று தோன்றும். அப்படிச் சுலபமாக முடியாது. வானியலாளர்களிலேயே ஒரு சாரார் ஆரம்பத்திலிருந்து கேட்டுவருவது இது: ஐந்து விண்ணோடப் பயணங்களுக்குக் கொட்டிய பணத்தில், மலிவான ராக்கெட்டில் எத்தனை புதிய ஹபிள்களை அனுப்பியிருக்கலாம்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. மேலும், ஆள் போகும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக ஹபிள் தாழ்வான பாதையில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் வானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பூமி மறைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெயிலும் இருளும் மாறி மாறி வந்து உடம்பைச் சூடாக்கிக் குளிரவைக்கும். காற்று உராயும். அகச்சிவப்புக் கதிர்களைப் பார்க்க வேண்டிய வெப் அங்கே இருக்கவே முடியாது. பூமியின் சூடே அதன் கண்ணைக் கூசவைத்துவிடும். அதனால் 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. அந்தத் தொலைவுக்கு அது கொடுத்த விலை, மெக்கானிக் வர முடியாது என்பது.

சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் அப்படித்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. 1999 ஜூலையில் போனது. நிலவு இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை எட்டும் நீள்வட்டப் பாதை. ஐந்தாண்டு வேலைக்குச் செய்ததை 25 ஆண்டு தாண்டியும் ஓட்டுகிறார்கள். மேலுறை நாள்பட்டுக் கெட்டுப் பகுதிகள் சூடேறுவதால், ஒரே திசையில் அதிக நேரம் வைத்திருக்காமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அடுப்பில் தோசையைத் திருப்பிப் போடுவது மாதிரி. தொடாமலே செய்யும் வைத்தியம்.

இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கெப்ளர். வேற்றுக் கோள்களைத் தேடப் போன அந்தத் தொலைநோக்கியை நிலையாகப் பிடிக்கும் நான்கு சக்கரங்களில் இரண்டு, 2012இலும் 2013இலும் செத்தன. மூன்று இல்லாமல் குறி நிற்காது. எட்டாத தூரம், யாரும் போக முடியாது. பொறியாளர்கள் சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது சக்கரமாக்கினார்கள். ஒளி எந்தப் பொருளின் மேல் பட்டாலும் மிக மெல்லத் தள்ளும். தொலைநோக்கியை அந்தத் தள்ளல் இருபுறமும் சமமாக விழும்படி நிறுத்தினால் உருளாமல் நிற்கும். அப்படி 2018வரை ஓட்டினார்கள்.

இதற்கு நேர் எதிர் காம்ப்டன். 1991இல் போன காமா கதிர் ஆய்வகம். 1999 இறுதியில் அதன் ஜைரோ ஒன்று கெட்டது. அறிவியல் கருவிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அது 17 டன் பாரம். இன்னொரு ஜைரோவும் போனால், எங்கே விழும் என்று சொல்ல முடியாமல் கீழே வரலாம். அதனால் 2000 ஜூனில், கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே, பசிபிக் கடலில் இறக்கிவிட்டார்கள். வேலை செய்துகொண்டிருந்த கருவியைக் கொன்றுவிட்டார்கள் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவர்களிடமும் பதில் இல்லை.

'புதியது' என்ற சொல்லில் உள்ள ஏமாற்று

புதியது வருகிறதே, பழையது எதற்கு? வெப் பற்றிய செய்திகளில் 'ஹபிளின் வாரிசு' என்று படித்திருப்பீர்கள். அந்த ஒரு சொல் நிறையப் பேரைக் குழப்பிவிட்டது. வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர், ஹபிளைவிடப் பலமடங்கு ஒளியைச் சேர்க்கும். ஆனால் அது அகச்சிவப்புக் கண். ஹபிள் முக்கியமாகப் பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் புற ஊதாவும். புற ஊதாவில் பெரும்பகுதியை நம் வளிமண்டலத்தின் ஓசோன் தடுத்துவிடுவதால், தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியைக் கட்டினாலும் அதைப் பார்க்க முடியாது. மேலேதான் போக வேண்டும். இன்று அந்த வேலையை ஹபிள் அளவுக்குச் செய்ய வேறு கருவி இல்லை. சூடான இளம் விண்மீன்கள், விண்மீன் திரள்களைச் சுற்றியுள்ள வாயு, வியாழனின் துருவ ஒளி இவையெல்லாம் புற ஊதாவில் பேசுபவை.

அடுத்துப் போகவிருக்கும் நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கிக்கும் 2.4 மீட்டர் கண்ணாடிதான். அமெரிக்க உளவுத்துறை நிறுவனம் ஒன்று தனக்கு வேண்டாம் என்று நாசாவுக்குக் கொடுத்தது அது! ஹபிளைவிட நூறு மடங்கு அகலமான பரப்பை ஒரே படத்தில் பிடிக்கும். அதுவும் புற ஊதாவைப் பார்க்காது. உண்மையில் ஹபிளின் இடத்துக்கு வரக்கூடியது வாழத்தக்க உலகங்களுக்கான ஆய்வகம் என்று திட்டமிட்டிருப்பது. ஏறக்குறைய 6 மீட்டர் கண்ணாடி, புற ஊதாவும் உண்டு. 2040களில்.

அந்த ஆண்டைப் படிக்கும்போது வெப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 1990களின் பிற்பகுதியில் அதை 2007 வாக்கில் அனுப்பலாம், நூறு கோடி டாலருக்குள் முடியும் என்று பேசினார்கள். போனது 2021, ஆனது சுமார் ஆயிரம் கோடி. புதியது சொன்ன தேதிக்கு வராது. ஆகவே பழையதை எப்போது விடலாம் என்று கேட்பவர் உண்மையில் கேட்க வேண்டியது: அதே வேலையைச் செய்யும் புதியது எப்போது வரும், நடுவில் எத்தனை ஆண்டு குருடாக இருக்கத் தயார்?

ஒற்றை ஜைரோ

2024 மே மாதம் ஹபிளின் ஒரு ஜைரோ தப்புத் தப்பாகக் கணக்குச் சொல்லத் தொடங்கியது. 2009இல் வைத்த ஆறில் அதற்குள் மூன்று போயிருந்தன. ஜூன் 4 அன்று நாசா அறிவித்தது: நன்றாக இருக்கும் இரண்டில் ஒன்றை மட்டும் ஓட்டுவோம், மற்றதைச் சேமித்து வைப்போம். ஒற்றை ஜைரோவில் ஹபிள் மெதுவாகத் திரும்பும். கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வீணாகும். செவ்வாயைவிட அருகில் வரும் பொருள்களைத் துரத்த முடியாது. கண் அறுவைக்குப் பிறகு இரவில் வண்டி ஓட்டாமல் இருப்பவர் மாதிரி. வாழ்க்கை ஓடும்.

அதே நேரத்தில் இன்னொரு யோசனைக்கும் நாசா 'இப்போதைக்கு வேண்டாம்' என்றது. ஜாரெட் ஐசக்மேன் என்ற செல்வந்தர், ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் போய் ஹபிளை மேலே தூக்கிவிடலாம் என்று முன்வந்திருந்தார். 2022 செப்டம்பரில் நாசா, ஸ்பேஸ்எக்ஸோடு அதைப் பற்றி ஆராய ஒப்பந்தமும் போட்டது. பணம் தனியாருடையது, பிறகென்ன தயக்கம்? விண்ணோடத்தில் நீண்ட இயந்திரக் கை இருந்தது, விண்நடைக்கென்று தனி அறை இருந்தது. டிராகனில் இரண்டும் இல்லை. கலத்தின் உந்துபொறிகள் கக்கும் புகை கண்ணாடியில் படியலாம். ஒரு சின்ன மோதல் போதும், இன்னும் பத்தாண்டு ஓடக்கூடிய தொலைநோக்கி ஒரே நாளில் போய்விடும். ஐசக்மேன் பின்னாளில் நாசாவுக்கே தலைவராகிவிட்டார் என்பது இந்தக் கதையின் வேடிக்கை.

நாசாவின் முடிவு சரி என்றே நினைக்கிறேன், அரை மனதோடு. 2004இல் பழுதுபார்க்கத் தெரிந்த வண்டியும் ஆட்களும் இருந்தார்கள். 2024இல் இருந்தது ஆர்வம். ஆனால் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்லும் ஒவ்வொரு ஆண்டும் ஹபிள் கொஞ்சம் கீழே வருகிறது. 2009இல் அது சுமார் 560 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. பிறகு பல பத்து கிலோமீட்டர் இறங்கிவிட்டது. 2030களில் அது தானே விழும் என்று கணக்கிடுகிறார்கள். தாழத் தாழத் தூக்குவதும் கடினம்.

இதைவிடச் சின்னதொரு தொலைநோக்கியின் விஷயத்தில் நாசா வேறு மாதிரி நடந்துகொண்டது. 2004இல் போன ஸ்விஃப்ட், சூரியனின் உக்கிரத்தால் வேகமாக இறங்கத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் கேட்டலிஸ்ட் என்ற சிறு நிறுவனத்துக்கு 3 கோடி டாலர் கொடுத்து, இயந்திரக் கலத்தை அனுப்பிப் பிடித்து மேலே தூக்கச் சொன்னார்கள். ஸ்விஃப்டில் பிடிப்பதற்கென்று எந்த வசதியும் வைக்கவில்லை. விழுந்துகொண்டே இருக்கும் கருவி என்பதால் துணிந்துவிட்டார்கள். இழக்க அதிகம் இல்லாதபோது துணிச்சல் சுலபமாக வருகிறது.

சீனா கட்டிவரும் சுன்டியன் தொலைநோக்கி இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தேடுகிறது. 2 மீட்டர் கண்ணாடி. அவர்களுடைய தியாங்கோங் நிலையத்தின் பாதையிலேயே, கொஞ்சம் தள்ளிப் பறக்கும். பழுது வந்தால் நிலையத்துக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் கடைக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்ததுபோல. 28.5 பாகைக்கும் 51.6 பாகைக்கும் இடையில் ஹபிள் பட்ட பாட்டை அவர்கள் படித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வாழத்தக்க உலகங்களுக்கான ஆய்வகத்தையும், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இயந்திரங்கள் போய்ப் பழுதுபார்க்கும்படி செய்ய வேண்டும் என்றே நாசா சொல்கிறது.

2009இல் கடைசியாகப் போனவர்கள் ஹபிளின் அடிப்பக்கத்தில் ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டு வந்தார்கள். எதிர்காலத்தில் ஏதாவதொரு கலம் வந்தால் பிடித்துக்கொள்வதற்கு. ஹபிளை மேலே தூக்க வருகிறவர்களும் அந்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கடலில் பத்திரமாக இறக்க வருகிறவர்களும் அதே வளையத்தில்தான். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.